வாளுக்கேற்ற எஃகு

அன்றாடம் காணும் இரும்புப் பொருள்களுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வார்ப்பிரும்பாலான தோசைக்கல். மற்றொன்று, கட்டட வேலையில் கம்பிகளைப் பிணைக்கப் பயன்படும் மெல்லிய கட்டுக்கம்பி. தோசைக்கல் மிகக் கடினமானது. ஆயினும், கைதவறிக் கல்தரையில் விழுந்தால் அது பிளந்துவிடக்கூடும். கட்டுக்கம்பியோ எப்படி முறுக்கினாலும் இசைந்து கொடுக்கும், எளிதில் ஒடியாது. ஆனால், அதைப் போன்ற மென்மையான இரும்பில் ஒரு கத்தி செய்து கூர்தீட்டினால், நாலு வெண்டைக்காய் நறுக்குவதற்குள் அதன் கூர் மழுங்கிவிடும்.

இரண்டும் இரும்புதான். பின் ஏன் இந்த வேறுபாடு? இரும்பினுள் கலந்திருக்கும் கரிமமே இதற்குக் காரணம். கரிமம் என்பது கார்பன். அடுப்புக்கரியில் இருப்பதும் அதுவே. கட்டுக்கம்பியில் கரிமம் 0.1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வார்ப்பிரும்பில் அது 3 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எஃகு.

எஃகு என்னும் சொல், ஆய்த எழுத்து இடம்பெறும் சில தமிழ்ச் சொற்களுள் ஒன்று. சங்க இலக்கியங்களில் இச்சொல் வேல் போன்ற கூரிய படைக்கருவியையும் குறித்தது. உலோகத்திற்கும் அதனால் செய்த கருவிக்கும் ஒரே பெயர் வழங்கியது பொருத்தமானதே. எஃகைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கருவி பாதி முடிந்தது போலத்தான். இதை நன்கு உணர்ந்தவர்கள் ஜப்பான் நாட்டு வாள்கொல்லர்கள்.

வாள் கேட்கும் இரு குணங்கள்

கதானா எனப்படும் ஜப்பானிய வாள் சற்றே வளைந்தது. ஒரு பக்கம் மட்டுமே கூர்மை உடையது. அதன் கூர்வாய் கடினமாக இருத்தல் வேண்டும், இல்லையேல் மழுங்கும். அதன் உடல் அடியைத் தாங்கி இசைந்து கொடுத்தல் வேண்டும்; இல்லையேல் ஒடியும். ஒரே வாளிடம் ஒன்றற்கொன்று முரணான இரு குணங்களைக் கேட்கிறோம். கரிமத்தைக் கூட்டினால் கடினம் கூடும். அதனோடு ஒடியும் இயல்பும் கூடும். கரிமத்தைக் குறைத்தால் ஒடியாது, கூரும் நில்லாது.

கூர்வாய்க்கு ஏற்ற கரிமத்தின் அளவு ஏறத்தாழ 0.6 முதல் 0.7 விழுக்காடு. அதாவது, ஒரு கிலோ எஃகில் ஆறு அல்லது ஏழு கிராம். இந்தச் சிற்றளவை, வேதியியல் ஆய்வகம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் கொல்லர்கள் எவ்வாறு அறிந்தனர்? கண்ணாலும் சுத்தியலாலும் அறிந்தனர். அந்த முறை இன்றும் ஜப்பானில் வழக்கில் உள்ளது.

மலையைக் கரைத்து எடுத்த மணல்

ஜப்பானின் மேற்குப் பகுதியில் உள்ளது ஷிமானே மாகாணம். அங்குள்ள மலைநாட்டிற்கு ஒகுயிசுமோ என்று பெயர். அம்மலைகளின் பாறை, காலப்போக்கில் சிதைந்து மணலாகியுள்ளது. அம்மணலில் கருநிறமான இரும்புத் துகள்கள் மிகச் சிறிதளவே கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க, அக்கால மக்கள் மலைச்சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கால்வாய் நீரில் ஓடவிட்டனர். எடை குறைந்த மணலை நீர் அடித்துச் சென்றது. எடை மிகுந்த இரும்பு மணல் அடியில் தங்கியது. நம் வீடுகளில் அரிசியைக் களைந்து கல் நீக்குவதும் ஏறத்தாழ இதே உத்திதான்.

இப்படி வெட்டப்பட்ட சரிவுகளை மக்கள் வீணாக விட்டுவிடவில்லை. அவற்றைப் படிப்படியான வயல்களாகத் திருத்தி நெல் பயிரிட்டனர். இன்று அவ்வயல்களின் நடுவே ஆங்காங்கே சிறு திட்டுகள் தனித்து நிற்பதைக் காணலாம். அவற்றின்மேல் கோயிலோ கல்லறையோ இருந்தமையால், மலையை வெட்டியவர்கள் அவ்விடங்களை மட்டும் தொடாமல் விட்டனர்.

இந்த இரும்பு மணலுக்கு ஒரு சிறப்பு உண்டு. இதில் பாஸ்பரசும் கந்தகமும் மிகக் குறைவு. பாஸ்பரசு மிகுந்த இரும்பு, குளிர்ந்த நிலையில் அடிபட்டால் உடையும். கந்தகம் மிகுந்த இரும்பு, பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போதே உதிரும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. மரக்கரியில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே, வாளுக்குரிய எஃகைத் தேரும் வேலை, எந்த மணல், எந்தக் கரி என்னும் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது.

மூன்று நாள் எரியும் உலை

இரும்பு மணலை எஃகாக்கும் உலைக்குத் தத்தரா என்று பெயர். இது களிமண்ணால் கட்டப்படும் நீண்ட தொட்டி போன்றது. நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். குளிர்காலத்தில் இவ்வுலையை மூட்டுவர். மூன்று பகல், மூன்று இரவு, இடைவிடாமல் அது எரியும். அரைமணி நேரத்திற்கு ஒருமுறை ஒரு பங்கு கரியும் ஒரு பங்கு மணலும் இடுவர். வேலை முடிவதற்குள் ஏறத்தாழ பத்து டன் இரும்பு மணலும் பன்னிரண்டு டன் மரக்கரியும் உள்ளே போய்விடும்.

முற்காலத்தில் இவ்வுலைக்குக் காற்றூட்டியவை காலால் மிதிக்கும் பெருந்துருத்திகள். அவற்றை மிதித்தவர்களுக்குப் பங்கோ என்று பெயர். ஒருவர் களைத்ததும் மற்றொருவர் ஏறுவார். ‘மாறி மாறி’ என்னும் பொருளில் ஜப்பானியக் குழந்தைகள் விளையாட்டில் சொல்லும் ‘கவாரிபங்கோ’ என்ற சொல் இவர்களிடமிருந்தே வந்தது என்று கூறுவதுண்டு. இப்போது அவ்வேலையை மின்விசைத் துருத்தி செய்கிறது.

உலையின் தலைவருக்கு முராகே என்று பெயர். அவரிடம் வெப்பமானி முதன்மையான கருவி அன்று. சுடரின் நிறத்தையும் உயரத்தையும் பார்க்கிறார். உலையின் அடியில் உள்ள துளைகளின் வழியே உள்ளே ஒளிரும் நிறத்தைப் பார்க்கிறார். அடுத்த பங்கு மணலை எங்கே, எவ்வளவு தூவ வேண்டும் என்று முடிவு செய்கிறார். அந்த மூன்று நாளும் அவருக்கு முழு உறக்கம் கிடையாது.

இவ்வுலையின் சுவர்களும் வேலையில் பங்கு கொள்கின்றன. மணலில் உள்ள வேண்டாத பொருள்களோடு சுவரின் களிமண் உருகிச் சேர்ந்து, கசடாக வெளியேறுகிறது. எனவே, எஃகு வளர வளரச் சுவர் மெலிகிறது. இனித் தாங்காது என்னும் நிலை வந்ததும் முராகே வேலையை நிறுத்தச் செய்கிறார். சுவர்களை உடைத்துத் தள்ளுகின்றனர். அடியில் ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள, செந்நிறமாகக் கனலும் பெருங்கட்டி ஒன்று கிடக்கும். அதற்குக் கெரா என்று பெயர். அடுத்த முறைக்கு உலையைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

உடைத்துப் பார்த்தல்

கெரா முழுவதும் ஒரே தன்மையான எஃகு அன்று. ஓரிடத்தில் கரிமம் மிகுதி. அடுத்த சாண் தொலைவில் குறைவு. நடுநடுவே கசடும் கரித்துண்டும் பொந்துகளும் இருக்கும். எஃகு முற்றிலும் உருகி நீர்போல் கலக்காமல், பாகு இறுகுவதுபோல் திரண்டு சேர்ந்தமையே இதற்குக் காரணம்.

இவ்விடத்தில் தென்னிந்திய முறையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழங்காலத்தில் தமிழகத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் இரும்பைச் சிறு மண்குகைகளில் இட்டு, இலை, மரத்துண்டு போன்றவற்றைச் சேர்த்து, வாயை மூடிக் காய்ச்சினர். குகை என்பது இங்கே உலோகம் உருக்கும் சிறு கலம். உள்ளே எஃகு உருகியது. ஆகவே, கரிமம் ஓரளவு சீராகப் பரவியது. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. மேலைநாட்டார் இவ்வகை எஃகை ஊட்ஸ் என்று அழைத்தனர். இப்பெயர் எஃகைக் குறிக்கும் கன்னடச் சொல்லான உக்கு என்பதோடும், நம் உருக்கு என்பதோடும் உறவுடையது என்பர். உருக்கியதால் அது உருக்கு. அங்கே சீர்மையை உலை தந்தது. ஜப்பானிலோ அதைக் கொல்லரே தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

ஆறிய கெராவின்மேல் பெரும் எடைக்குண்டை விழச்செய்து பிளக்கின்றனர். பின்னர்ச் சுத்தியலால் சிறு துண்டுகளாக்கி, உடைந்த முகத்தைப் பார்க்கின்றனர். நல்ல எஃகின் உடைமுகம் வெள்ளிபோல் ஒளிரும். மணிகள் நுண்ணியவாகவும் சீராகவும் இருக்கும். இவ்வாறு பொறுக்கியெடுத்த எஃகுக்குத் தமஹகனே என்று பெயர். ‘தம’ என்றால் மணி; ‘ஹகனே’ என்றால் எஃகு. இரண்டரை டன் கெராவில், வாளுக்கேற்ற நல்ல தமஹகனே ஏறத்தாழ ஒரு டன்னே தேறும்.

தமஹகனேயிலும் தரவரிசை உண்டு. முதல் தரத்தில் கரிமம் 1.0 முதல் 1.5 விழுக்காடு வரை இருக்கும். இரண்டாம் தரத்தில் அது 0.5 முதல் 1.2 விழுக்காடு, மூன்றாம் தரத்தில் 0.2 முதல் 1.0 விழுக்காடு. இந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனிக்க வேண்டும். ஒரே அளவு கரிமம் உள்ள இரு துண்டுகளும் வேறுவேறு தரத்தில் அமையலாம். கரிமம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு சீராகப் பரவியுள்ளது என்பதும் தரத்தை முடிவு செய்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கூர்வாய்க்குத் தேவை 0.7 விழுக்காடுதானே? 1.0 முதல் 1.5 விழுக்காடு உள்ளதை ஏன் முதல் தரம் என்கின்றனர்? விடை கொல்லரின் பட்டறையில் உள்ளது. எஃகை ஒவ்வொரு முறை பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போதும் அதிலுள்ள கரிமத்தில் சிறிது எரிந்துபோகும். எனவே, இன்று கையில் உள்ள அளவைப் பார்த்து எஃகைத் தேர்வது பயன் தராது. எல்லா வேலையும் முடிந்தபின் எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணித்தே தேர வேண்டும். எஃகைத் தேர்வதில் மிகக் கடினமான பகுதி இதுதான் எனலாம்.

பட்டறைக்கு வந்த தமஹகனேயைக் கொல்லர் மீண்டும் ஒருமுறை சோதிக்கிறார். துண்டுகளைக் காய்ச்சி, ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாக அடித்து, நீரில் தோய்க்கிறார். பிறகு சுத்தியலால் தட்டுகிறார். கரிமம் மிகுந்தது பளிச்சென்று உடையும். கரிமம் குறைந்தது உடையாமல் வளையும். உடைந்தவை ஒரு குவியல். உடையாதவை மற்றொரு குவியல். எண்ணோ எடையோ இல்லாத எளிய தேர்வு இது. எஃகு தானே தன் தன்மையைச் சொல்லிவிடுகிறது. உடையாதவற்றை ஒதுக்கித் தள்ளிவிடுவதில்லை. அவற்றுக்கும் வாளினுள் ஓர் இடம் உண்டு.

மடித்து அடித்தல்

உடைந்த துண்டுகளைக் கொல்லர் ஒரு தகட்டின்மேல் நெருக்கமாக அடுக்குகிறார். அடுக்கு சரியாமலிருக்க ஈரத்தாளால் சுற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி, களிமண் கரைசலை ஊற்றுகிறார். சாம்பலும் மண்ணும் எஃகைக் காற்றிலிருந்து காக்கும். கரிமம் அளவுக்குமீறி எரிவதையும் தடுக்கும். உலையில் அடுக்கு வெண்மஞ்சளாகக் கனன்றதும் அதை எடுத்து அடிக்க, துண்டுகள் ஒன்றாகிவிடும்.

பின்னர் அக்கட்டியை நீளமாக அடித்து, நடுவே வெட்டி, இரண்டாக மடித்து, மீண்டும் அடிக்கிறார். ஒருமுறை மடித்தால் இரண்டு படலம். இருமுறை மடித்தால் நான்கு. பத்துமுறை மடித்தால் 1,024 படலங்கள். பதினைந்துமுறை மடித்தால் 32,768! படலங்கள் பெருகுவதால் வாள் தானாக வலிமை பெற்றுவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மடிப்பதன் நோக்கம், எஞ்சிய கசட்டை வெளியேற்றுவதும் கரிமத்தை எங்கும் சீராகப் பரப்புவதுமே. சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் என்று சொன்னால் எளிதில் விளங்கும். அளவோடு நிறுத்தவும் வேண்டும். மடிப்பு மிகுந்தால் கரிமம் தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின் அந்த எஃகு எவ்வளவு முயன்றாலும் கடினமாகாது. எஃகின் எடையும் தீப்பொறியாகவும் செதிலாகவும் உதிர்ந்து பெருமளவு குறைந்துவிடும்.

ஒதுக்கி வைத்த மென்மையான எஃகு இப்போது பயன்படுகிறது. அதைத் தனியே மடித்து அடித்து, வாளின் உள்ளீடாக வைக்கின்றனர். கடின எஃகு அதைத் தோல்போல் மூடுகிறது. வெளியே கூர் நிற்கும். உள்ளே இசைவு இருக்கும். கொல்லர் மரபுக்கேற்ப இவ்வமைப்பில் பல வகைகள் உண்டு. ஒரே கெராவில் பிறந்த இரு குணங்கள், பிரிக்கப்பட்டு மீண்டும் ஒரே வாளில் சேர்கின்றன.

நெருப்பும் நீரும்

தேர்வு சரியா தவறா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்த நொடி, வாளை நீரில் தோய்க்கும் நொடி.

அதற்கு முன், வாளின் முதுகில் கனமாகவும் கூர்வாயில் மெல்லியதாகவும் மண்கலவை பூசுவர். பட்டறையை இருட்டாக்கிக்கொள்வர். வெளிச்சத்தில் எஃகின் உண்மை நிறம் கண்ணுக்குப் புலப்படாது. ஏறத்தாழ 750 முதல் 800 பாகை செல்சியசில் வாள் உரிய செந்நிறம் அடைந்ததும், அதை நீரில் அமிழ்த்துவர். மெல்லிய பூச்சுள்ள கூர்வாய் நொடியில் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. கனத்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து இசைவுடன் நிற்கிறது. கடினமான பகுதி சற்றே பருமன் பெருகுவதால், நேராகச் செய்யப்பட்ட வாள் முதுகுப்பக்கம் வளைகிறது. கதானாவின் அழகிய வளைவில் பெரும்பங்கு இவ்வாறு நீரில் பிறப்பதே.

கரிமம் மிகுந்திருந்தாலோ ஓரிடத்தில் திரண்டிருந்தாலோ, அப்போது ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்கும். கூர்வாயில் விரிசல். பல வார உழைப்பு அவ்வொலியோடு முடிந்துவிடும்.

விரிசலின்றி வெளிவந்த வாளைத் தீட்டும்போது, கடினப் பகுதிக்கும் மென்பகுதிக்கும் இடையே மேகவிளிம்பு போன்ற வெண்கோடு தோன்றும். அதற்கு ஹமோன் என்று பெயர். ஆலைகளில் செய்யும் எஃகு பலவற்றில் மாங்கனீசு போன்றவை சேர்க்கப்படுவதால், அவை ஆழமாகக் கடினமாகிவிடும். தமஹகனேயில் அவை மிகக் குறைவு. ஆகவே, கூர்வாய் மட்டும் கடினமாகி, கோடு தெளிவாக எழுகிறது. திரைப்படங்களில் இவ்வாள் எதையும் துண்டாக்குவதுபோல் காட்டுவது மிகை. சீர்மையில் இக்கால ஆலை எஃகு தமஹகனேயை மிஞ்சும். ஆனால், மடிப்பின் வரிகளையும் ஹமோனின் ஒளியையும் ஒருசேரத் தருவதில் தமஹகனேக்கு நிகராக எதையும் ஜப்பானியக் கொல்லர்கள் கருதுவதில்லை.

நின்றுபோன உலை

1876இல் ஜப்பானிய அரசு, பொதுமக்கள் வாள் அணிவதைத் தடைசெய்தது. மேலைநாட்டு முறையிலான பேருலைகள் மலிவான எஃகைப் பெருக்கின. அவற்றோடு போட்டியிட முடியாமல் தத்தரா உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1933இல் வாள்களுக்காகவே ஒகுயிசுமோ மலைநாட்டில் யாசுகுனி தத்தரா மீண்டும் மூட்டப்பட்டது. ஆயினும், போர்க்காலத்தில் படை அதிகாரிகளுக்கான வாள்கள் பெருவாரியாகத் தேவைப்பட்டபோது, பெரும்பாலானவை ஆலை எஃகாலேயே செய்யப்பட்டன. இவ்வாள்களை எண்ணெயில் தோய்ப்பதும் வழக்கம். அதனால் விரிசல் குறையும், ஹமோனின் அழகும் குறையும். மரபுமுறையில் செய்யப்படாத அவ்வாள்களை இன்றைய ஜப்பானியச் சட்டம் கலைப்பொருளாக ஏற்பதில்லை.

1945இல் போர் முடிந்தது. யாசுகுனி தத்தராவும் அணைந்தது. சில ஆண்டுகள் வாள் செய்வதே தடைப்பட்டிருந்தது. தடை நீங்கியபின் கொல்லர்கள் பட்டறைக்குத் திரும்பினர். ஆனால், எஃகு இல்லை. எஞ்சியிருந்த பழைய தமஹகனேயைச் சிக்கனமாகப் பயன்படுத்தினர். பழைய ஆணி, பானை, கதவுக் கீல் போன்றவற்றைச் சிற்றுலையில் இட்டு, கரிமம் ஏற்றியும் இறக்கியும் தமக்கு வேண்டிய எஃகைத் தாமே ஆக்கிக்கொண்டோரும் உண்டு. எப்படியும், கையிருப்பு ஆண்டுதோறும் கரைந்துகொண்டே வந்தது.

எஃகு தீர்வதைவிடப் பெரிய இடர் ஒன்று இருந்தது. சுடரைப் படிக்கத் தெரிந்த முராகேக்கள் முதுமை அடைந்துகொண்டிருந்தனர். உலையின் அளவுகளை ஏட்டில் எழுதிவைக்கலாம். சுடர் எந்த மஞ்சளாக இருக்கும்போது மணலைக் குறைக்க வேண்டும் என்பதை எழுதிவைப்பது எங்ஙனம்? அதை உலையருகே நின்றுதான் காட்ட வேண்டும். காட்ட ஓர் உலை எரிய வேண்டும்.

1977இல் ஜப்பானியக் கலை வாள்களைப் பாதுகாக்கும் சங்கம், அந்த யாசுகுனி தத்தரா இருந்த இடத்திலேயே உலையை மீண்டும் எழுப்பியது. இடையில் கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள். போருக்கு முன் அங்கு உழைத்த அபே யோஷிசோ என்னும் முதியவர் முராகேயாக நின்று வழிநடத்தினார். அவரிடம் உடனிருந்து கற்றவர்களுள் ஒருவர் கிஹாரா அகிரா. ஆசிரியருக்குப்பின் கிஹாரா முராகே ஆனார். தமக்குப்பின் அவ்வேலையைத் தொடர்வதற்கு இளையோரைப் பழக்கினார்.

இப்போதும் குளிர்காலத்தில் ஒகுயிசுமோவில் களிமண் உலை கட்டப்படுகிறது; மூன்று நாள் எரிந்தபின் இடிக்கப்படுகிறது. பிளந்து தரம் பிரித்த தமஹகனே, நாடெங்கும் உள்ள உரிமம் பெற்ற வாள்கொல்லர்களுக்குச் செல்கிறது. உரிமம் பெறுவதற்கு ஐந்தாண்டுப் பயிற்சி வேண்டும். பெற்றபின்னும் திங்களுக்கு இரு நீள்வாள்களுக்குமேல் செய்ய ஒப்புதல் இல்லை. பெட்டி வந்து சேர்ந்ததும் கொல்லர் முதலில் செய்வது, ஒவ்வொரு துண்டையும் ஒளியில் திருப்பித் திருப்பி, அதன் உடைந்த முகத்தைப் பார்ப்பதுதான்.